மதிப்பீடு எழுதும் முன்பே கேட்க வேண்டியவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் பணிக்குத் திட்ட அறிக்கை தயாராகிறது. சுற்றுச்சூழல், பெண்கள், இளைஞர்கள் ஆகிய மூன்றுக்கும் அறிக்கையின் கடைசியில் ஒவ்வொரு பத்தி சேர்த்தால் போதும் என்கிறார்கள். முதல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் நான், அந்தப் பத்திகளில் என்ன எழுதச் சொல்வது?
– பெண் வார்டு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அந்த மூன்று பத்திகளும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றில் வரவேண்டிய செய்திகள், எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடும் மதிப்பீட்டிலேயே வரிகளாக ஏற வேண்டும். மதிப்பீட்டில் உள்ளதற்குத்தான் பணம் ஒதுக்கப்படும். அதுதான் கட்டப்படும், அளக்கப்படும், தணிக்கைக்கும் வரும். கடைசிப் பக்கத்துப் பத்தி எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், ஒப்பந்ததாரர் கைக்குப் போகும் தாளில் அது இருக்காது.

ஏரி என்றதும் பாசனமும் மதகும்தான் பேச்சில் வருகின்றன. ஆனால் துணி துவைக்கவும், மாடு கழுவவும், கரையில் புல் அறுக்கவும் நாள்தோறும் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்த இடத்தில் இறங்கினால் வழுக்கும், கோடையில் தண்ணீர் கடைசியாக எங்கே நிற்கும், வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இயந்திரத்தை விட்டுக் கரையோரத்திலேயே ஆழமாகத் தோண்டினால் கரை பலவீனமாகும். தண்ணீர் நிரம்பிய பிறகு அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாததால் இறங்குகிறவர்களின் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஆகவே கரையிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டுவது, சரிவு எப்படி இருப்பது, படித்துறை எந்தப் பக்கம் அமைவது என்பவை பாதுகாப்பைப் பற்றிய கேள்விகளாகவும், ஏரியின் ஆயுளைப் பற்றிய கேள்விகளாகவும், பெண்களைப் பற்றிய கேள்விகளாகவும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. தனித்தனிப் பத்திகளாகப் பிரித்தால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

வரத்துக்கால்வாயை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால், மழை பெய்தும் தண்ணீர் வந்து சேராது. வண்டல் மண் யார் வயலுக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். டிராக்டர் வைத்திருப்பவர்கள் அள்ளியது போக மிஞ்சியதுதான் அரை ஏக்கர்க்காரருக்கு என்று ஆகிவிடாதபடி, பங்கீட்டை வேலை தொடங்கும் முன்பே கிராம சபையில் முடிவு செய்வது நல்லது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, பாசன அமைப்புகளை உழவர்களே நிருவகிப்பதற்கான சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை நில உடைமையை அடிப்படையாக வைத்து அமைத்தது. நாற்று நட்டுக் களையெடுத்துக் கதிர் அறுக்கும் பெண்ணின் பெயரில் பட்டா இல்லாவிட்டால், அவருக்கு அங்கே வாக்கு இல்லை. எனவே ‘ஆயக்கட்டுதாரர்களிடம் (ஏரிப் பாசன நிலத்தின் உடைமையாளர்களிடம்) கருத்துக் கேட்டோம்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊரைக் கேட்டுவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் கூலிக்குப் போகும் பெண்கள் வர இயலாது. காலையில் அவர்கள் கரைக்கு வரும் நேரத்தில் பொறியாளரை அழைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் செய்திகள் வேறு எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது.

இளைஞர்களை மரக்கன்று நடும் நாளன்று மட்டும் கூப்பிடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஆழத்தை அளப்பது, புகைப்படத்தோடு பதிவு செய்வது, முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதோடு அதை ஒப்பிட்டுக் கிராம சபையில் படிப்பது ஆகிய பொறுப்புகளை அவர்களிடம் கொடுங்கள். இந்த ஏரியோடு இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: எங்கள் ஊர்த் திடலில் மாலை முழுவதும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். திடலை மேம்படுத்தப் பணம் வந்திருக்கிறது. ‘பெண்கள் வருவதே இல்லை, அவர்களுக்கு எதற்கு?’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, கடலூர் மாவட்டம்

பதில்: ஏன் வருவதில்லை என்று கேட்பதுதான் பதில். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1990களில் இதே கேள்வியைக் கேட்டு ஆய்வு செய்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதும், பெரிய திறந்த வெளி ஒன்றே ஒன்று இருக்கும்போது பையன்களோடு போட்டியிட்டு இடம் பிடிக்க முடியாமல் சிறுமிகள் ஒதுங்கிவிடுவதும் தெரியவந்தன. 1999இல் அந்நகரின் இரண்டு பூங்காக்களில் நடைபாதைகளைக் கூட்டி, கைப்பந்தும் பூப்பந்தும் ஆட இடம் ஒதுக்கி, பெருவெளியைச் செடிகளால் சில பகுதிகளாகப் பிரித்தார்கள். யாரையும் வெளியேற்றவில்லை, ஆனாலும் சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

உங்கள் ஊரில் விளக்கு, கழிப்பறை, வீட்டிலிருந்து திடலுக்கு வரும் பாதை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஓரத்து வேம்பையும் புங்கையையும் வெட்டிவிட்டுச் சிமெண்டுத் தளம் போட விடாதீர்கள். நிழல் போனால் முதியவர்களும் குழந்தைகளை அழைத்து வரும் தாய்மாரும் வருவதில்லை, அவர்கள் இல்லாத இடத்துக்கு உங்களை அனுப்ப வீட்டிலும் தயங்குவார்கள். தோழியர் பத்துப் பேர் சேர்ந்து திடலின் வரைபடம் ஒன்றை வரைந்து, வேண்டியதைக் குறித்து, அனைவரும் கையொப்பமிட்டுக் கிராம சபையில் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அச்சபையின் உறுப்பினர்கள். 18 வயது நிரம்பிப் பெயர் சேர்த்திருந்தால் நீங்களும் உறுப்பினர்தான்.

கேள்வி: நூறு நாள் வேலையில் பெண்கள்தானே பெரும்பான்மையாக இருந்தார்கள்? பொதுப்பணிகளில் சமத்துவம் வந்துவிட்டது என்று கொள்ளலாம் அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: வேலைக்குச் சேர்ந்ததில் வந்தது, ஐயா. அந்த வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அது பத்தில் எட்டுப் பங்கையும் தாண்டியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதும், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்பதும் அச்சட்டம் தந்த பெரும் பேறுகள். ஆயினும் எந்தக் குளத்தை வெட்டுவது, எந்தப் பாதையைப் போடுவது என்று தீர்மானித்த இடத்தில் அந்தப் பெண்களின் குரல் எவ்வளவு கேட்டது என்பது வேறு கேள்வி. 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இடங்களில் அமர்ந்திருப்பவர்கள் மதிப்பீட்டைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க, நீங்கள் ஓர் ஆசிரியராக உதவலாம். உங்கள் ஊர் உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு மாலை, ஒரு மதிப்பீட்டை வரிவரியாகப் படித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள்.