விடியச்சாமம் கால் விழுந்தா தைரொய்ட்டையும் பாருங்க

மெடிக்கல் வார்ட்டில 22 வருசம் தாதியா நிண்டனான், இப்ப பென்சன். தைரொய்ட் கூடி திடீரெண்டு கை கால் அசையாமப் போற வருத்தத்தைப் பற்றி கேட்டவங்களுக்கு தெரிஞ்ச அளவு பதில் சொல்லுறன்.

நிலாவெளி தம்பி (27 வயசு): அக்கா, ராவு கலியாண வீட்டில நல்லாச் சாப்பிட்டு வந்து படுத்தனான். விடிய நாலு மணிக்கு எழும்பப் பார்த்தா ரெண்டு காலும் தூக்க ஏலாது. மத்தியானம் போல தானா சரியாகிட்டு. இது ரெண்டாவது தரம். அம்மா செய்வினை எண்டுறா.

பதில்: அம்மாவோட சண்டை பிடிக்க வேணாம் தம்பி, கோணேசருக்கு நேர்ந்தா நேரட்டும், ஆனா இந்தக் கிழமைக்குள்ள இரத்தம் குடுத்து டிஎஸ்எச், எஃப்டி4 எண்ட ரெண்டு தைரொய்ட் டெஸ்டும் பாருங்க, தைரொய்ட் கூடினா டிஎஸ்எச் குறைஞ்சு காட்டும். தைரொய்ட் ஹோர்மோன் கூடினா தசையில பொட்டாசியத்தை உள்ள இழுக்கிற பம்ப் ஏற்கனவே வேகமா ஓடிக்கொண்டிருக்கும், அதுக்கு மேல வயிறு முட்ட சோறும் வட்டிலப்பமும் சோடாவும் போனா இன்சுலினும் ஏறி, ரெண்டும் சேர்ந்து இரத்தத்தில இருக்கிற பொட்டாசியத்தை தசைக்குள்ள இழுத்திரும், கால் விழுந்திரும். பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகல்ல, இடம்தான் மாறிட்டு. கீழ நான் சொல்லப்போற எல்லாமே இதில இருந்துதான் வருது. இரத்தத்தில பொட்டாசியம் நார்மல் 3.5ல இருந்து 5 வரைக்கும், 2க்கும் கீழ போன ரிப்போர்ட்டுகளை கையில வாங்கியிருக்கிறன். கால் சரியான பிறகு போய் டெஸ்ட் பண்ணினா பொட்டாசியம் நார்மல்னுதான் வரும், அதனால அடுத்த தரம் கால் விழுந்த உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தமும் ஈசிஜியும் எடுக்கணும். இப்ப ரெண்டு கையையும் நீட்டி விரல் மேல ஒரு பேப்பரை வச்சுப் பாருங்க, வார்ட்டில நாங்க அப்பிடித்தான் பார்ப்பம். பேப்பர் ஓரம் படபடண்டு அடிச்சா நடுக்கம் இருக்கு. நடுக்கமோ படபடப்போ மெலிவோ ஒண்டுமில்லாமலும் இந்த வருத்தம் வாறது உண்டு, அதனால பேப்பர் அசையல்ல எண்டு டெஸ்டை விட்டிராதீங்க.

கிண்ணியா சகோதரி: இவருக்கு இப்படி வந்து ஒரு இடத்துக்குக் கொண்டு போனம், சேலைன் ஏத்தின பிறகு கையும் விழுந்திட்டு. ஏன் அப்படி?

பதில்: அது சீனி கலந்த சேலைனா இருந்திருக்கலாம் தங்கச்சி. ஆள் சோர்ந்து கிடந்தா குளுக்கோஸ் ஏத்துறது பழக்கமாப் போச்சு, இந்த வருத்தத்துக்கு அது எண்ணெய் ஊத்துற மாதிரி. இனிமே உள்ள போகேக்கையே "தைரொய்ட் இருக்கு, பொட்டாசியம் பாருங்க, சீனி சேலைன் வேணாம்" எண்டு வாயால சொல்லுங்க, சொல்ல வெக்கப்படாதீங்க. பொட்டாசியம் குடுக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமா, மொனிட்டர் பூட்டி வச்சுத்தான், ஏனெண்டா தசைக்குள்ள போனது திரும்பி வரேக்க குடுத்ததும் சேர்ந்து எகிறி இதயத்தையே நிப்பாட்டிரும். ஏத்த ஏத்த சுகமாகுது எண்டு நேர்ஸை அவசரப்படுத்த வேணாம்.

பாலையூற்று அண்ணா: இளநியும் வாழைப்பழமும் தினம் எடுத்தா வராதுதானே?

பதில்: தடுக்காது அண்ணா, பொட்டாசியம் குளுசையும் தடுக்காது. தைரொய்ட்டை இறக்கினாத்தான் முழுசா நிக்கும், அதுக்கு கார்பிமசோல் குளுசை, இல்லாட்டி கதிர் அயடீன், இல்லாட்டி ஒபரேசன். கிட்னி வருத்தம் இருக்கிறவங்களுக்கு இளநியே ஆபத்து.

மகளுக்கு தைரொய்ட், அவளுக்கும் கால் விழுமா எண்டு உப்புவெளி ஐயா கேட்டிருந்தீங்க. தைரொய்ட் பொம்பிளையளுக்குத்தான் கூட, ஆனா இந்த வாதம் 20ல இருந்து 40 வயசுக்குள்ள இருக்கிற ஆம்பிளையளுக்குத்தான் அதிகம், அதுவும் ஆசியாக்காரருக்கு. பயப்பிட வேணாம் ஐயா.

சாம்பல்தீவு அண்ணா: கரைவலை இழுக்கேக்க ஒண்டுமில்ல, வந்து படுத்தாத்தான் கால் பாரம். இது பக்கவாதமா?

பதில்: பக்கவாதம் எண்டா அனேகமா ஒரு பக்கம், வாய் கோணும், பேச்சு குளறும். இதில ரெண்டு காலும், அதுவும் தொடைதான் முதல்ல விழும், கிள்ளினா நோகும், அறிவு தெளிவா இருக்கும். வேலை நேரத்தில வராது, ஓய்வெடுக்கேக்க வரும், நீங்க சொன்ன மாதிரியேதான். ஆனா எது எண்டு வீட்டில இருந்து முடிவு எடுக்காதீங்க, மூச்சு இழுக்க கஷ்டமா இருந்தாலோ நெஞ்சு தாறுமாறா அடிச்சாலோ உடனே 1990 அம்புலன்சுக்கு அடிங்க. தைரொய்ட் இறங்கும் வரைக்கும் ராவில சோத்தைக் குறைங்க, சாராயத்தை அறவே விடுங்க. ஒரு பெடியன் மூணு மாசம் குளுசை போட்டு சுகம் எண்டு நிப்பாட்டினவன், தமையன்ட முதுகில தொங்கிக்கொண்டு வார்ட்டுக்கு வந்தான், அந்த முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கார்பிமசோல் போடேக்க தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தா மட்டும் குளுசையை நிப்பாட்டிப்போட்டு அண்டைக்கே போய் இரத்தம் பாருங்க, வெள்ளை அணு குறைஞ்சிருக்கலாம்.

நிலாவெளி தம்பி திரும்பவும்: அக்கா, டிஎஸ்எச் 0.01தான். கார்பிமசோலும், படபடப்பைக் குறைக்கிற புரொப்பிரனலோலும் தந்திருக்காங்க. சின்ன வயசில இருந்து எனக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கு, அதை டொக்டரிட்ட சொல்ல மறந்திட்டன்.

பதில்: புரொப்பிரனலோல் முட்டு வருத்தத்தைக் கிளப்பிரும் தம்பி. அதைப் போட முதல் இண்டைக்கே போய் டொக்டரிட்ட சொல்லுங்க, முட்டுக்கு வாயால இழுக்கிற பம்ப் பாவிக்கிறீங்க எண்டா அதையும் கையோட கொண்டு போங்க. கார்பிமசோலை விடாதீங்க.