ஏழு தடவையா, ஐந்து தடவையா?

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். 2024 அக்டோபரில் அறிவித்த பெரிய பகா எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. 2^136279841 − 1, மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். "வகுத்துப் பார்க்காமலே எப்படி சார் சொல்றாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லெமர் சோதனையை 127-க்குச் செய்து காட்டினேன். 4-இல் தொடங்கி ஏழு தடவை வர்க்கமாக்கி 2 கழித்து மீதி எடுத்தேன். கடைசியில் 0 வந்தால்தான் பகா எண், எனக்கோ 2 வந்தது. எங்கே தப்பு?

– ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருக்கலில் தப்பில்லை, தடவைகளின் எண்ணிக்கையில்தான் தப்பு. 127 என்பது 2^7 − 1. அடுக்கில் இரண்டைக் குறைத்து ஐந்து தடவை செய்தால் போதும். தொடக்கத்து 4 கணக்கில் சேராது. ஐந்தாவதில் வந்த 0-ஐத் தாண்டிவிட்டீர்கள். 0-இன் வர்க்கத்தில் 2 போனால் −2, அதாவது 125. அடுத்தது 4 − 2 = 2. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 2-தான்.

மீதி எடுக்கவும் 127-ஆல் வகுக்க வேண்டாம். 128-ஆல் பிரித்து இரண்டு துண்டையும் கூட்டுங்கள். 67-இன் வர்க்கம் 4489, இரண்டு போனால் 4487. அதில் 128 முப்பத்தைந்து தடவை, மிச்சம் 7. 35 + 7 = 42. வரிசை இப்படிப் போகும்: 4, 14, 67, 42, 111, 0. கடைசிப் படியில் 96 + 31 = 127 என்று வரும். பிள்ளைகள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். 127 வந்தால் அது 0. கணினிக்கு இது பெரிய வசதி. இரும எண்ணில் 128-ஆல் பிரிப்பது வெறுமனே ஏழு இலக்கம் தள்ளி வெட்டுவதுதான்.

4 எங்கிருந்து வந்தது என்று அந்த மாணவி அடுத்துக் கேட்பாள். 2 + √3, 2 − √3 இரண்டையும் கூட்டினால் 4, பெருக்கினால் 1. பெருக்கல் 1 என்பதால்தான் ஒவ்வொரு வர்க்கத்துக்கும் 2 கழிக்கிறோம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டச் சொல்லுங்கள், 14 வரும்.

பெரிய எண்ணுக்கு இதே வேலை 13,62,79,839 தடவை. ஒவ்வொரு தடவையும் 13 கோடிக்கு மேல் இரும இலக்கங்களின் வர்க்கம். இவ்வளவு பெரிய வர்க்கத்தைக் கணினி தசமப் புள்ளி எண்களில் போட்டு, பிறகு முழு எண்ணாக்கும்; அதில் ஒரே ஒரு இடம் பிசகினாலும் அதன் பிறகு எல்லாம் வீண். அதனால்தான் இப்போது, பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று மட்டும் பார்க்கும், நடுநடுவே பிழையைப் பிடித்துவிடும் ஃபெர்மா வகைச் சோதனையை முதலில் ஓட்டுகிறார்கள். அதில் தேறிய எண்ணை, வேறு கணினிகளிலும் வேறு மென்பொருள்களிலும் லூக்காஸ்–லெமர் சோதனைக்கு மறுபடி விடுகிறார்கள்.

தோற்கும் எண் ஒன்றையும் காட்டிவிடுங்கள்: 2^11 − 1 = 2047. இங்கே ஒன்பது தடவை, 2048-ஆல் பிரிக்க வேண்டும். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை, ஆகவே பகு எண். ஆனால் 1736-ஐ வைத்துக்கொண்டு காரணிகள் எவை என்று சொல்ல முடியாது. 23 × 89 என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கும் ஒரு பிடி இருக்கிறது: காரணி எதுவானாலும் 22-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும்.