வழக்கு நடந்த நாலு வருஷத்துக்கு வட்டி கிடைக்குமா?

கேள்வி: வேலையை முடித்துக் கொடுத்தேன், பில்லும் அனுப்பினேன், பணம் வரவில்லை. வழக்குப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. எதிராளி வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுக்கிறார். ஜெயித்தால் பில் தொகை மட்டும்தான் வருமா, இத்தனை வருஷத்துக்கு வட்டியும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதலில் உங்கள் பிராதை, அதாவது நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கு மனுவை எடுத்து, கடைசியில் பரிகாரம் கேட்கிற பத்தியைப் படித்துப் பாருங்கள். அங்கே அசல் மட்டும் இருந்து வட்டி என்ற சொல்லே இல்லை என்றால், திருத்த மனு போட முடியுமா என்று இன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள்.

இந்த வட்டி எதிராளிக்குத் தண்டனை இல்லை. உங்கள் கைக்கு வர வேண்டிய பணத்தை அவர் வைத்துப் புழங்கிய காலத்துக்கான ஈடு, அவ்வளவுதான். அதனால் கூசாமல் கேட்கலாம்.

எந்த நாளிலிருந்து கணக்கு என்பதில்தான் சண்டையே வரும். தொகையும் தேதியும் எழுத்தில் இருந்தால் சுலபம், கெடு தாண்டிய நாளிலிருந்தே ஓடும். இந்தியாவில் 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. அப்படி எழுத்து இல்லாதபோது, ‘வட்டி கேட்பேன்’ என்று எழுதி அனுப்பிய நோட்டீஸில் குறிப்பிட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. நோட்டீஸில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மாதக்கணக்கான வட்டியை இழந்தவர்கள் நிறைய. கலிஃபோர்னியாவில், தொகை கணக்கிட்டுச் சொல்லக்கூடியதாக இருந்தால் வட்டி உங்கள் உரிமை. அங்கேயே ஒப்பந்த வழக்கில் தொகையே சர்ச்சையில் இருந்தால் நீதிபதி பார்த்துக் கொடுப்பது, அதுவும் வழக்குப் போட்ட நாளுக்கு முன்னால் போகாது.

விகிதம்? ஒப்பந்தத்தில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். இல்லாவிட்டால் சட்டம் சொல்வது: ஒப்பந்த மீறலுக்கு கலிஃபோர்னியாவில் 10 சதவீதம், நியூயார்க்கில் பொதுவாக 9. இந்தியாவில் வழக்கு நடக்கும் காலத்துக்கு நியாயமான விகிதத்தை நீதிமன்றம் முடிவு செய்யும். பொதுவாக எல்லாமே தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி எதிர்பார்க்காதீர்கள். 1,00,000 பாக்கி, 9 சதவீதம், நாலு வருஷம் என்றால் 36,000. நாளொன்றுக்கு 24.66. இழுத்தடிக்கிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் இது ஏறிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால் எதிராளி சமரசத்துக்கு வரவும் கூடும்.

தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி வேறு. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் அதற்கு 6 சதவீத வரம்பு உண்டு, வணிகப் பரிவர்த்தனை என்றால் அதைத் தாண்டலாம். ஆனால் தீர்ப்பாணை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம், அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. ஆகவே வாதம் முடியும்போதே தீர்ப்புக்கு முந்தைய வட்டி, பிந்தைய வட்டி இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விபத்துக் காயத்துக்கான நஷ்டஈட்டுக்கும் இப்படி வட்டி உண்டா?

பதில்: இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கில் உடல் காய வழக்குகளில் எதிராளிதான் பொறுப்பு என்று முடிவாகும் வரையிலான காலத்துக்குப் பொதுவாக வட்டி கிடையாது. வலிக்கு என்ன தொகை என்பதே முன்கூட்டித் தெரியாது என்பது வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மருத்துவச் செலவுக்குக் கைப்பணம் போட்டவருக்கு அந்தப் பணம் அன்றைக்கே போய்விட்டதே. உங்கள் பகுதிச் சட்டம் என்ன என்று கேட்டுவிட்டு, மருத்துவ பில்களைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.