ஹோல்ட்டரில் ஒன்றும் இல்லை, படபடப்பு மட்டும் நிற்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 36, சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கைக்கடிகாரம் 170, 180 என்று காட்டுகிறது. 15, 20 நிமிடத்தில் அடங்கிவிடும். இசிஜி, எக்கோ, 24 மணி நேரம் உடலில் கட்டித் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் கோளாறு இல்லையாம். மனஅழுத்தம் என்கிறார்கள். இனி என்ன பார்ப்பது?

பதில்: ஹோல்ட்டர் கட்டியிருந்த அன்று படபடப்பு வந்ததா? வரவில்லை என்றால் அந்த அறிக்கைக்கு அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான் தெரியும். மாதம் இரண்டு மூன்று முறை வருவது ஒரு நாள் கருவியில் சிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்புதான். வந்தது, கருவியின் பட்டனையும் அழுத்தினீர்கள், பதிவில் வெறும் சைனஸ் துடிப்பு, அதாவது இதயத்தின் இயல்பான துடிப்புதான் என்றால் கதை வேறு. காரணத்தை இதயத்துக்கு வெளியே தேடலாம். இந்த இரண்டு நிலையிலும் அறிக்கையில் ‘இயல்பு’ என்றுதான் எழுதியிருக்கும். எக்கோவோ இதயத்தின் அமைப்பையும் அது இரத்தத்தைத் தள்ளும் வலுவையும் காட்டும், மின்னோட்டத்தைக் காட்டாது.

அடுத்து, எப்படித் தொடங்குகிறது? சுவிட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் ஏறி, அதேபோல் சட்டென நிற்கிறதா? கழுத்தில் துடிப்பு தெரிகிறதா? அடங்கியபின் நிறையச் சிறுநீர் போகிறதா? ஆம் என்றால் எஸ்விடி எனப்படும் இதய மேலறை சார்ந்த வேகத்துடிப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உட்கார்ந்திருக்கும்போதே 170, 180 என்பதும் அதற்குப் பொருந்துகிறது. பெண்களுக்கு இதைப் பதற்றம் என்று தவறாக முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் சைனஸ் வேகம்தான், அதாவது இயல்பான துடிப்பே வேகமாவது.

எதுவானாலும் படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஒரு பதிவு வேண்டும். உங்களுக்கு வருவது 15 நிமிடமாவது நீடிப்பதால் அது முடியும். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த கிளினிக்கில் இசிஜி எந்திரம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வந்ததும் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய், “இப்போது படபடக்கிறது, முதலில் இசிஜி எடுங்கள்” என்று கவுண்டரில் சொல்லுங்கள். வரிசையில் உட்கார்ந்தால் நம்பர் வருவதற்குள் அடங்கிவிடும்.

கைக்கடிகாரத்தில் இசிஜி வசதி இருந்தால் அதுவும் பயன்படும். சாதாரணமாகக் காட்டும் எண் ஒளியை வைத்துக் கணக்கிட்டது. துடிப்பின் வடிவம் அதில் இருக்காது. இசிஜி செயலியைத் திறந்து, கையை மேசைமேல் அசையாமல் வைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, மறுகை விரலை 30 விநாடி வைத்திருங்கள். துடிப்பு மிக வேகமாக இருந்தால் ‘தெளிவான முடிவில்லை’ என்று வரலாம். அழித்துவிடாதீர்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்தக் கோடுகள்தான். அடங்கியபின் இன்னொன்று எடுங்கள், ஒப்பிட உதவும்.

கூடவே மார்பில் 14 நாள் ஒட்டியிருந்து துடிப்பைப் பதியும் பேட்ச் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நம் வெக்கையில் பேட்ச் கழன்று போவது சகஜம். ஒட்டும் நாளில் மார்பில் லோஷன் தடவ வேண்டாம். கருவி இருக்கிறதே என்று வீட்டில் முடங்கினால் எடுத்தும் பயனில்லை, வழக்கம்போல் படியேறுங்கள், கோப்பி குடியுங்கள். பட்டனை அழுத்தி நேரத்தையும் குறித்து வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்து, மயக்கமும் சேர்ந்தால் தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் உண்டு. ஏறக்குறைய 3 ஆண்டு பதிவு செய்யும்.

பதிவில் சைனஸ் வேகம் என்று வந்தால் இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், கூடவே உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். மாதவிடாய்ப் போக்கு அதிகமுள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறையும் முன்பே ஃபெரிட்டின் இறங்கிவிடும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகங்களில் தைராய்டு அதிகம் இருப்பதுபோல் பொய்யாகக் காட்டும். மூக்கடைப்பு மாத்திரையும் ஆஸ்துமா இன்ஹேலரும்கூடத் துடிப்பை ஏற்றும்.

எழுந்து நிற்கும்போதுதான் படபடக்கிறது என்றால் காலையில் கோப்பிக்கு முன், ஒருவர் உடனிருக்க, 10 நிமிடம் படுத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளவிடுங்கள். பிறகு நின்று 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் அளவிடுங்கள். அழுத்தம் பெரிதாக இறங்காமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறி நின்றால் பாட்ஸ் எனும், நிற்கும்போது துடிப்பு எகிறும் கோளாறு இருக்கலாம். அந்த அளவுகளை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். தலைவலி, வியர்வை, உயர் இரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து அலையலையாக வந்தால், அட்ரினல் சுரப்பிக் கட்டி உண்டா என்று பார்க்கும் மெட்டாநெஃப்ரின் சோதனை தேவை. அது அரிது, எல்லாருக்கும் எழுத வேண்டியதில்லை.

எஸ்விடி என்று உறுதியானால் பயப்பட வேண்டாம். அதில் மிகச் சாதாரணமான வகைக்கு, காலின் மேற்பகுதி இரத்தக்குழாய் வழியாகச் சென்று கோளாறான மின்பாதையை அழிக்கும் அப்லேஷன் சிகிச்சை 100இல் 95 பேருக்கு மேல் பலன் தருகிறது.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பதிவு, பேட்ச் என்று காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாரேனும் 40 வயதுக்குள் திடீரென இறந்திருந்தாலோ அதைப் பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும் தேதி முன்னதாகவே கிடைக்க அது உதவும்.