மவுண்ட் ஐசா சுரங்க நகருக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், வறண்ட நிலத்தின் நடுவே செம்பும் ஈயமும் துத்தநாகமும் வெட்டியெடுத்து வளர்ந்த இந்நகரின் முக்கிய நீராதாரம், லைக்கார்ட் ஆற்றைத் தடுத்து 1958-இல் சுரங்க நிறுவனமே கட்டி முடித்த மூண்டாரா ஏரியாகும். ஏரி நீர் தெளிநீர்க் குட்டையொன்றுக்கு ஏற்றப்பட்டு, அங்குள்ள நாணல்களாலும் நீர்த்தாவரங்களாலும் இயற்கையாகவே வடிகட்டப்படுகிறது. பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் நுட்பம் இதுதான். கடலிலிருந்து வெகுதொலைவில் வாழும் மக்களுக்குப் படகோட்டவும் கொடுவா மீன் பிடிக்கவும் இவ்வேரியே இடம். ஒருகாலத்தில் சால்வினியா என்னும் மிதக்கும் நீர்க்களை இங்கு அடர்ந்து பரவியிருந்தது. 1980-இல் விடப்பட்ட பிரேசில் நாட்டுக் கூன்வண்டுகள், சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை என்றாலும், ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதை அழித்தன.