மாடி ஷவரில் மட்டும் தண்ணீர் நூலாக வருவது பற்றி

வணக்கம். கீழ்வீட்டில் ஷவர் நன்றாக வருகிறது, மாடியில் மட்டும் நூலாக ஒழுகுகிறது, பம்ப் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் அழுத்தம். 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு). மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் உங்கள் ஷவருக்கு 2 மீட்டர் கிடைத்தால் 0.2 பார்தான்.

முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் குழாய் சரி, அடைப்பு ஷவர் தலையில்தான். போர்த் தண்ணீர் உப்பு துளைகளை அடைத்துவிடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பிரஷால் தேயுங்கள். எங்கள் வீட்டில் அதிலேயே சரியாகிவிட்டது.

வெறும் குழாயிலும் மெதுவாக வந்தால், தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாய் இறங்கினால், அதை ஒரு அங்குலமாக மாற்றுங்கள். தொட்டியை 1 மீட்டர் உயர்த்தினால் அழுத்தம் பாதியளவு கூடும், ஆனால் தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். இத்தனைக்கும் பிறகுதான் பிரஷர் பம்ப்.