அப்பத்தாவின் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் கவலை. கேள்வி ஒன்றுதான்: ப்ளஸ் டூ படிக்கும் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள், அப்பத்தாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் படிப்புதான் வேண்டும் என்கிறாள்; அப்படி ஒரு படிப்பு உண்டா, படித்தால் சோறு போடுமா?

சோறு போடும், ஆனால் தாமதமாகப் போடும். படிப்பைப் பொறுத்தவரை, நோயின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், அவள் இறங்க நினைக்கிற களம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

புரதம் என்பது நீளமான சங்கிலி. சரியாக மடிந்தால்தான் அது வேலை செய்யும். தப்பாக மடிந்தவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற நீரில் கொட்டிவிட்டுக் கிளறாமல் விட்டால் கட்டி தட்டுமே, அந்த மாதிரி. அல்சைமரில் கட்டி தட்டுபவை அமிலாய்டு பீட்டா, டௌ என்ற இரண்டு. பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின். பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயில் ஹன்டிங்டின். இறந்துபோன ஒரு நோயாளியின் மூளையில் இந்தக் கட்டிகளைப் பார்த்ததை ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-லேயே சொல்லிவிட்டார். அமிலாய்டு பீட்டாவைப் பிரித்தெடுக்க 1984 ஆனது. அந்தக் கட்டியை நீக்கும் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது 2023 ஜூலையில். நடுவில் 117 ஆண்டுகள்.

அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியில் நடந்ததைத்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும். கட்டி தட்டுவதற்கு முன்பே, அந்தப் புரதத் துண்டை வெட்டித் தரும் நொதியை அடக்கிவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எலை லில்லி நிறுவனத்தின் செமகாசெஸ்டாட் அப்படிப்பட்ட மாத்திரை. 2010-ல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் நிலை சாப்பிடாதவர்களைவிட மோசமாகப் போனது. கட்டியை ஆன்டிபாடியால், அதாவது ஆய்வகத்தில் செய்த நோய் எதிர்ப்புப் புரதத்தால், துடைத்தெடுக்கும் அடுகானுமாப், 2021-ல் பெரிய சண்டைக்கு நடுவே ஒப்புதல் வாங்கியது. ஆண்டுக்கு 56,000 டாலர் என்று விலை வைத்தார்கள், அப்புறம் பாதியாகக் குறைத்தார்கள். 2024 ஜனவரியில் அதை விற்ற பயோஜென் நிறுவனமே கைவிட்டது. அதே ஆண்டு, இந்தத் துறையில் பலர் மேற்கோள் காட்டி வந்த 2006-ஆம் ஆண்டின் அமிலாய்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று, படங்களில் தில்லுமுல்லு இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்னொரு கதையும் இருக்கிறது, என் ஆலோசனை அதன்மேல்தான் நிற்கிறது.

புரதம் உருவாவதற்கு செல்லில் ஒரு ஆர்.என்.ஏ. செய்தி போகும். அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும் சிறிய மரபணுத் துண்டைச் செய்து, முதுகுத் தண்டுவட நீரில் ஊசியாகப் போட்டால், நச்சுப் புரதம் உருவாவதே குறையும். அதாவது மாவையே குறைவாகக் கொட்டுவது. ஹன்டிங்டன் நோய்க்கு இப்படிச் செய்த டொமினெர்சென் மருந்தின் சோதனையில் ஊசி போடுவதை ரோச் நிறுவனம் 2021 மார்ச்சில் நிறுத்தியது. பலன் இல்லை. அதே நுட்பத்தில் செய்த டோஃபெர்சென், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் ஒரு சிறு பிரிவினருக்கு, அதாவது எஸ்.ஓ.டி.1 மரபணுவில் கோளாறு உள்ள சுமார் 2 சதவீதம் பேருக்கு, 2023 ஏப்ரலில் நிபந்தனையோடு ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே, 2016-ல், குழந்தைகளைத் தாக்கும் தசைச் சிதைவு நோய் ஒன்றுக்கு நுசினெர்சென் வந்துவிட்டது; அதுவும் இதே மாதிரித் துண்டுதான், ஆனால் தேவையான புரதத்தைக் கூட்டுவது. மூன்றுமே அமெரிக்காவில் ஐயோனிஸ் என்ற ஒரே நிறுவனத்தில் பிறந்தவை. ஒரு நோயில் தோற்ற கருவி இன்னொரு நோயில் பிழைத்துக்கொண்டது. அந்த வேதியியல் தெரிந்தவர்களுக்கும் அப்படியே.

அதனால்தான் நோயின் பெயரைப் பிடிக்க வேண்டாம், கருவியைப் பிடிக்கட்டும் என்கிறேன். புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வது, ஆன்டிபாடி தயாரிப்பது, ஆர்.என்.ஏ. வேதியியல், சோதனை முடிவுகளை அலசும் புள்ளியியல் — இவற்றில் ஒன்றில் கை பழகினால், அமிலாய்டு கட்டிதான் நோய்க்குக் காரணம் என்கிற கோட்பாடு நாளைக்கே கவிழ்ந்தாலும் அவள் கவிழமாட்டாள்.

இப்போது கல்லூரி விஷயம். அவள் எடுத்திருப்பது கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐஸர்களின் ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வை எழுதலாம், திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்குப் பக்கம். ஆனால் 60 கேள்விகளில் 15 கணிதம். அதைச் சும்மா விட்டுவிட்டு வருபவர்கள் கரைசேர்வது கடினம், இப்போதே ஒரு ஆசிரியரைப் பிடித்து அடிப்படையைப் படிக்கட்டும். கிடைத்தால் ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ்., கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் என் அடுத்த தேர்வு பலருக்குப் பிடிக்காது: நல்ல ஆசிரியர்கள் உள்ள பழைய கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல். ஃபீஸ் குறைவு. மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போன்ற இடத்துக்குப் போகலாம். பி.ஃபார்ம் படித்து ஜிபேட் தேர்வு எழுதி, மருந்தியல் மேற்படிப்புக்கான நைபர் என்ற மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போவதும் நல்ல வழிதான். நடுவில் படிப்பை நிறுத்தினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். நோயாளிகளோடு இருக்கவும் ஆசை என்றால் ஆறாண்டு ஃபார்ம்.டி. இருக்கிறது.

பி.டெக். பயோடெக்னாலஜி பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் பளபளப்பான கையேட்டை நம்பி ஒரு பையனை ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பினேன். இரண்டாம் ஆண்டில் அவனைப் பார்க்கப் போனபோது, ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து, எந்தக் கல்லூரியானாலும் ஆய்வகத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டச் சொல்வதில்லை. மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம், "போன வாரம் உங்கள் கையாலேயே என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்குத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுங்கள்.

எங்கே படித்தாலும், கோடை விடுமுறையில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஒரு உண்மையான ஆய்வகத்தில் பாட்டில் கழுவினால், இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பணம். முனைவர் பட்டத்துக்கு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சில மாதம் பணம் தாமதமாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகும். கணக்குப் போட்டால் அவளுக்கு 28 வயது. ஐ.டி.யில் சேரும் தோழி அதற்குள் வீட்டுக் கடன் வாங்கியிருப்பாள். முனைவர் பட்டம் வேண்டாம் என்று எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால், பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களில் ஆய்வகப் பணி உண்டு. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலை சென்னையிலேயே கிடைக்கும். இந்தப் புது ஆன்டிபாடிகள் மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாக்கக்கூடியவை, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்காணிப்பவர்களுக்கு வேலை குறையாது. கல்யாணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் ஆலோசகர் இல்லை அம்மா.

ஆனால் ஒன்றை அவளிடம் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். லெக்கானெமாப், அதே வகையைச் சேர்ந்த டோனானெமாப் எல்லாம் நோயின் ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களுக்கானவை. முகம் தெரியாத நிலைக்குப் போன அப்பத்தாவுக்கு அவற்றை எங்கிருந்தாவது வரவழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மகள் கண்டுபிடிக்கப் போவதும் அப்பத்தாவுக்கு வந்து சேராது. அது தெரிந்தும் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்காக ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். லெக்கானெமாப் சோதனையின் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1,795 பேர், 18 மாதம். மருந்து நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்று செய்திகள் சொல்லின. அதே முடிவை இன்னொரு விதமாகச் சொன்னால், நினைவாற்றலையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டும் உண்மை. இது வெற்றியா இல்லையா என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டால் பி.ஃபார்ம் விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். மூன்று பக்கம் எழுதிவிட்டு இன்னும் சண்டை போடுகிறாள் என்றால், அந்த மூன்று பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.